ஒரே கோப்பு, ஒரே விடை: திறந்த தரநிலைகளுக்காக ஆய்வாளர்களை ஒன்றுசேர்ப்பது எப்படி?

ஒரே துறையில் ஏழெட்டு ஆய்வுக்குழுக்கள் தத்தமக்கென்று கணினி மாதிரிகளை உருவாக்கி வைத்திருக்கின்றன. அவற்றைப் பரிமாறிக்கொள்ளப் பொதுவான, திறந்த தரநிலை ஒன்று வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் கூட்டம் கலைந்த பிறகு யாரும் அதற்கென்று உட்காருவதில்லை. அவர்களை எப்படி ஒத்துழைக்க வைப்பது என்பது உங்கள் கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திறந்த அறிவியலின் நன்மைகளை எடுத்துரைத்து அழைப்பதாலோ, தரநிலை ஆவணம் ஒன்றை எழுதிக் கருத்துக் கேட்டுச் சுற்றுக்கு விடுவதாலோ பெரும்பாலும் பயன் விளைவதில்லை. ஒரே மாதிரியை இரண்டு மென்பொருள்களில் ஓட்டி, இரண்டும் வேறுவேறு விடை தரும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இரண்டையும் எழுதியவர்களை அந்த இடத்துக்கு வரவழையுங்கள். தரநிலை அங்கிருந்துதான் வளர்கிறது. கருவி, சோதனை, அங்கீகாரம், நிர்வாகம், நிதி ஆகிய மற்ற எல்லாமே அந்த முதல் முடிச்சைச் சுற்றி அமைய வேண்டியவை.

இப்படி நான் சொல்வதற்குக் காரணம், மாதிரிகளில் உள்ள கருத்து வேறுபாடுகள் பேச்சில் வெளிப்படுவதில்லை என்பதுதான். நரம்பிழையில் மின்துடிப்பு எழும் விதத்தை ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் 1952இல் சமன்பாடுகளாக வெளியிட்டார்கள். பின்னர் நோபல் பரிசு பெற்ற ஆய்வு அது. அளவுருக்கள் அனைத்தும் அந்தக் கட்டுரையிலேயே அச்சாகியிருக்கின்றன. மறைக்கப்பட்டது எதுவும் இல்லை. ஆயினும் அதைப் பார்த்து அப்படியே நிரல் எழுதும் மாணவருக்குத் துடிப்பு தலைகீழாகத் தெரியும். உயிரணுவின் உட்புற மின்னழுத்தம் ஏறுவதை நேர்க்குறியாகக் கொள்வது இன்றைய வழக்கம். அவர்களோ ஓய்வுநிலையைச் சுழியாக வைத்து, துடிப்பின்போது நிகழும் மாற்றத்தை எதிர்க்குறியில் எழுதினார்கள். குறியை மாற்றிக்கொண்டாலும் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. பொட்டாசியம் ஓட்டத்துக்கான வேகச் சமன்பாடுகளில் ஒன்றில், அவர்களுடைய கணக்குப்படி மின்னழுத்தம் சரியாக −10 மில்லிவோல்ட் ஆகும்போது தொகுதியும் பகுதியும் ஒருசேரச் சுழியாகிவிடுகின்றன. வரம்பு கண்டு பார்த்தால் மதிப்பு 0.1 என்று தெளிவாகக் கிடைக்கும். ஆனால் நிரலில் அதற்கென்று தனியே ஒரு வரி எழுதப்படாவிட்டால் கணினி பொருளற்ற எண்ணைத் தரும், அல்லது நின்றுவிடும். சோடியத்துக்கும் அதேபோல −25இல் ஒரு சுழி உண்டு. இவை போதாவென்று, அந்த வேகங்கள் யாவும் 6.3 பாகை செல்சியசுக்கு உரியவை. வெப்பநிலை 10 பாகை ஏறினால் வேகம் மும்மடங்காகும் என்ற விதியைச் சிலர் நிரலுக்குள் சேர்க்கிறார்கள், சிலர் சேர்ப்பதில்லை. ஆக, உலகமே அறிந்த ஒரு மாதிரியைக் குறைந்தது மூன்று இடங்களில் இருவர் இருவிதமாக எழுத முடியும், இருவருமே கட்டுரையைப் பின்பற்றியதாக நேர்மையாகச் சொல்லவும் முடியும்.

இது ஒரு பழைய கட்டுரைக்கு மட்டும் உரிய குறையா என்று கேட்கலாம். உயிரியல் மாதிரிகளைத் தொகுத்துப் பாதுகாக்கும் பயோமாடல்ஸ் என்ற தரவகத்தைச் சேர்ந்தவர்கள், 152 இதழ்களில் வெளியான 455 இயக்கவியல் மாதிரிகளை எடுத்து, கட்டுரையில் உள்ள விவரங்களை மட்டும் கொண்டு அதே முடிவுகளைப் பெற முயன்று, தங்கள் அனுபவத்தை 2021இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ பாதி மாதிரிகள் அப்படி மீண்டும் ஓடவில்லை. தவறுகளைத் தாங்களே ஊகித்துத் திருத்தியும், ஆசிரியர்களுக்கு எழுதிக் கேட்டும் மேலும் 12 விழுக்காட்டைச் சரிசெய்ய முடிந்தது, எஞ்சியவை எஞ்சியவைதான். காரணங்களில் மோசடி என்று எதுவும் முன்னிற்கவில்லை. விடுபட்ட அளவுரு, விடுபட்ட தொடக்க மதிப்பு, சமன்பாட்டில் மாறிப்போன குறி போன்ற சாதாரணப் பிழைகளே மிகுதி. உங்கள் துறையின் ஆய்வாளர்களிடம் பேசும்போது இந்தச் செய்தியை முன்வைக்கலாம். ஆனால் குற்றஞ்சாட்டும் தொனியில் முன்வைத்தால் கதவு மூடிக்கொள்ளும். தன் மாதிரியை ஐந்தாண்டு கழித்துத் தானே மீண்டும் ஓட்ட முடியாமல் திணறிய அனுபவம் பெரும்பாலான ஆய்வாளர்களுக்கு இருக்கும். அங்கிருந்து பேச்சைத் தொடங்குவது நல்லது.

தரநிலை என்றால் கோப்பின் வடிவம் என்று பலரும் எண்ணுகிறார்கள். வடிவம் எளிய பகுதி. பொருளை வரையறுப்பதுதான் உழைப்பு கேட்கும் பகுதி. அமைப்பு உயிரியலில், உயிரணுவில் நடக்கும் வேதிவினைகளின் மாதிரிகளைக் கோப்பாக எழுத எஸ்பிஎம்எல் என்ற மொழி இருக்கிறது. 2000ஆம் ஆண்டு கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில், தனித்தனியே மென்பொருள் எழுதி ஒருவரோடொருவர் போட்டியிட்டுக்கொண்டிருந்த குழுக்கள் ஒன்றுகூடியபோது அதற்கான வேலை தொடங்கியது. இன்று இருநூறுக்கும் மேற்பட்ட மென்பொருள்கள் அதைப் படிக்கின்றன. அந்த மொழியில் ஒரு வேதிப்பொருளின் பெயர் சூத்திரத்தில் வந்தால், அது அப்பொருளின் மொத்த அளவைக் குறிக்கிறதா, செறிவைக் குறிக்கிறதா என்று ஒரு பண்பு தனியே சொல்ல வேண்டும். வினையின் வேகமும் ஒரு நொடியில் எவ்வளவு பொருள் மாறுகிறது என்ற கணக்கில் எழுதப்பட வேண்டுமே தவிர, செறிவு எவ்வளவு மாறுகிறது என்ற கணக்கில் எழுதக்கூடாது. மேலோட்டமாகப் பார்த்தால் இது வறட்டு இலக்கணமாகத் தோன்றும். ஆனால் ஒரு புரதம் உயிரணுவின் திரவப் பகுதியிலிருந்து உட்கருவுக்குள் நுழைகிறது என்றும், உட்கருவின் கனஅளவு பத்தில் ஒரு பங்கு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே செறிவு ஒன்று குறைந்தால் உள்ளே பத்து கூட வேண்டும். வேகத்தைச் செறிவுக் கணக்கில் எழுதி இரு பக்கமும் அப்படியே சேர்க்கும் நிரலில் உள்ளேயும் ஒன்றுதான் கூடும். பத்தில் ஒன்பது பங்கு புரதம் காற்றில் கரைந்ததுபோல மறைந்துவிடும். எல்லாக் கனஅளவுகளையும் 1 என்று வைத்து மாதிரி எழுதும் வரை இந்தப் பிழை ஒருபோதும் கண்ணில் படாது. அப்படி எழுதப்பட்ட மாதிரிகள்தாம் மிகுதி என்பதால், இரு மென்பொருள்கள் ஆண்டுக்கணக்கில் ஒத்த விடை தந்துவிட்டு, கனஅளவு மாறும் முதல் மாதிரியில் பிரிந்து நிற்கும்.

இப்படிப்பட்ட இடங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, சிறுசிறு மாதிரிகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் வரவேண்டிய விடையையும் எண்களாகச் சேர்த்து வைத்த சோதனைத் தொகுப்பு எஸ்பிஎம்எல்லுக்கு உண்டு. அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகள் இருக்கின்றன. அந்த மொழியின் வரையறை ஆவணத்தைக் காட்டிலும் இந்தத் தொகுப்புதான் அதிக ஒத்துழைப்பைப் பெற்றுத்தந்தது என்பது என் கணிப்பு. ஆவணத்தைப் படித்துக் கருத்துச் சொல்லுங்கள் என்றால் பணிமிகுந்த ஆய்வாளர் நாளை பார்க்கலாம் என்று ஒதுக்கிவைப்பார். ‘உங்கள் மென்பொருள் நாற்பத்தேழாவது சோதனையில் வேறு விடை தருகிறது, தவறு எங்களுடையதா உங்களுடையதா என்று பாருங்கள்’ என்றால் அன்றிரவே பார்ப்பார். அவர் பார்த்துவிட்டு ‘உங்கள் சோதனைதான் தவறு’ என்று எழுதினால் அது தோல்வியன்று. அந்தக் கணத்திலேயே அவர் தரநிலையை எழுதுபவர்களில் ஒருவராகிவிட்டார்.

கருவி எழுதுபவர்கள் உள்ளே வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் புரதக் கட்டமைப்புத் தரவகத்தின் வரலாற்றைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை. 1971இல் தொடங்கிய அந்தத் தரவகம், புரதங்களில் ஒவ்வோர் அணுவும் இருக்கும் இடத்தை, வரிக்கு எண்பது எழுத்து என்ற துளை அட்டைக் காலத்து முறையில் கோப்புகளாக எழுதியது. அணுவின் வரிசை எண்ணுக்கு ஐந்து இடங்கள்தாம். ஆகவே 99,999 அணுக்களுக்கு மேல் ஒரு கோப்பில் அடங்காது. ரைபோசோம் போன்ற பெரிய கட்டமைப்புகள் பல கோப்புகளாக வெட்டப்பட்டன. ஒரே மூலக்கூற்றுத் தொகுதியைப் பார்க்க விரும்பியவர் துண்டுகளைத் தாமே ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. இதற்கு மாற்றாக எம்எம்சிஐஎஃப் என்ற, எண்ணிக்கை வரம்பற்ற, ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி வரையறை கொண்ட வடிவம் 1990களிலேயே உருவாகிவிட்டது. வல்லுநர்கள் எழுதிய, குறைசொல்ல இடமில்லாத வடிவம் அது. ஆனாலும் ஆய்வகங்களில் பழைய வடிவமே நீடித்தது. கட்டமைப்புகளைச் செம்மைப்படுத்தும் மென்பொருள்கள் பழையதைத்தான் எழுதின, படம் வரையும் மென்பொருள்கள் பழையதைத்தான் படித்தன. 2011இல் அந்தச் செம்மைப்படுத்தும் மென்பொருள்களை எழுதும் முதன்மைக் குழுக்களையே ஒரு பணிக்குழுவாக அமர்த்தி, புதிய வடிவத்தைத் தங்கள் மென்பொருளில் சேர்க்க ஒப்புக்கொள்ளச் செய்தார்கள். 2014இல் வெட்டுண்ட பெரிய கட்டமைப்புகள் ஒற்றைக் கோப்புகளாயின. 2019 ஜூலை முதல் எக்ஸ் கதிர் படிகவியல் கட்டமைப்புகளைப் புதிய வடிவத்தில் மட்டுமே ஒப்படைக்க முடியும் என்ற கட்டாயம் வந்தது. சிறந்த ஆவணம் கைவசம் இருந்தும், அது நடைமுறைக்கு வர இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. கட்டாய விதி கடைசியில்தான் வந்தது என்பதையும் கவனியுங்கள். கருவிகள் ஆயத்தமாகும் முன் விதியைக் கொண்டுவந்திருந்தால் எதிர்ப்பே விளைந்திருக்கும்.

எவ்வளவு பெரிய உடன்பாட்டோடு தொடங்குவது என்ற கேள்விக்கு, வெட்கப்படும் அளவுக்குச் சிறியதாகத் தொடங்குங்கள் என்பேன். துகள் இயற்பியலில் மோதல்களைக் கணித்துக் காட்டும் மென்பொருள்களை எழுதுவோர் பல குழுக்களாக இருக்கிறார்கள். ஒரு மென்பொருள் மோதலின் முதற்கட்டத்தைக் கணக்கிடுவதில் வல்லது, இன்னொன்று அதிலிருந்து சிதறும் துகள்களின் பொழிவைப் பின்தொடர்வதில் வல்லது. பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் உள்ள லே ஊஷ் என்ற ஊரில் நடந்த பயிலரங்கில் 2001இல் இவர்கள் செய்துகொண்ட உடன்பாடு, ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியில் இரண்டு நினைவகத் தொகுதிகளில் எந்த எண் எங்கே இருக்க வேண்டும் என்பதுதான். அதற்கு மேல் எதையும் அது கட்டுப்படுத்தவில்லை. அந்தச் சிறிய ஒப்பந்தத்தால் ஒருவருடைய முதற்கட்டத்தை மற்றவருடைய இரண்டாம் கட்டத்தோடு இணைக்க முடிந்தது. ஐந்தாண்டு கழித்து அதுவே மென்பொருள் மொழியைச் சாராத கோப்பு வடிவமாயிற்று. வானியலாளர்கள் படங்களையும் தரவையும் சேமிக்கும் ஃபிட்ஸ் என்ற கோப்பு வடிவத்தையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1982இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் ஏற்ற அந்த வடிவத்துக்கு ஓர் உறுதிமொழி உண்டு: ஒருமுறை செல்லுபடியான கோப்பை, பின்னால் வரும் எந்தத் திருத்தமும் செல்லாததாக்கக் கூடாது. நாற்பதாண்டுப் பழைய கோப்பு இன்றும் திறக்கிறது. வத்திக்கான் நூலகம் தன் கையெழுத்துச் சுவடிகளை எண்ணிமப்படுத்தியபோது வானியலாளர்களின் இந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் அந்த நிலைத்தன்மையே காரணம். இன்று உழைத்து மாற்றிக்கொண்டால் நாளை மறுபடி மாற்றச் சொல்வார்களோ என்ற ஐயம் ஆய்வாளர்களுக்கு இயல்பாகவே உண்டு. இப்படியொரு வாக்குறுதியைத் தொடக்கத்திலேயே எழுத்தில் தருவது, எந்த அழைப்பிதழையும்விட அந்த ஐயத்தைத் தீர்க்கும்.

தட்பவெப்பவியலில் தரவுக் கோப்புகளை எழுதுவதற்கான பொது விதிகளுக்குச் சிஎஃப் மரபுகள் என்று பெயர். அவற்றில் நான் மிகவும் மதிப்பது, புதியவர் ஒருவர் மிகச் சிறிய பங்களிப்போடு உள்ளே நுழைய வழி இருப்பதை. மழை என்ற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதிரி நாளொன்றுக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று எழுதும். இன்னொன்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நொடிக்கு இத்தனை கிலோகிராம் நீர் என்று எழுதும். ஒரு சதுர மீட்டரில் ஒரு கிலோகிராம் நீர் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் என்பதால் இரண்டும் 86,400 என்ற பெருக்கு எண்ணால் வேறுபடுகின்றன, அவ்வளவே. ஆனால் அந்த மழையில் பனிப்பொழிவும் அடக்கமா, எண் என்பது நாளின் சராசரியா, உச்சமா என்பவை பெருக்கு எண்ணால் தீராதவை. ஆகவே ஒவ்வோர் அளவுக்கும் வரையறையோடு கூடிய ஒரு பொதுப்பெயர் பட்டியலில் இடம்பெறுகிறது. சராசரியா உச்சமா என்பதைச் சொல்ல வேறொரு பண்பு இருக்கிறது. நாட்காட்டியைக் கூடச் சொல்லியாக வேண்டும். சில தட்பவெப்ப மாதிரிகளில் எல்லா மாதங்களுக்கும் முப்பது நாட்கள். அவற்றின் தரவில் பிப்ரவரி 30 என்ற தேதி முறையாகவே வரும், வழக்கமான நாட்காட்டியை எதிர்பார்க்கும் நிரல் அதைக் கண்டதும் நின்றுவிடும். இந்தப் பட்டியல்கள் ஒரே அமர்வில் எழுதப்பட்டவை அல்ல. 2003இல் முதற்பதிப்பு வந்ததிலிருந்து, தன் மாதிரிக்கு வேண்டிய ஒரு பெயர் பட்டியலில் இல்லை என்று கண்ட ஆய்வாளர் அதை முன்மொழிவதும், மற்றவர்கள் வெளிப்படையாக விவாதித்து வரையறையைக் கூர்மையாக்குவதும், பிறகு அது சேர்க்கப்படுவதுமாகவே வளர்ந்தன. ஒரு பெயரை முன்மொழிய ஒரு பிற்பகல் போதும். முனைவர் பட்ட மாணவர் ஒருவரால் அதைச் செய்ய முடியும்; அவர் எழுதிய வரையறையின்படிதான் இனி எல்லோரும் தரவு எழுதுவார்கள் என்று காணும்போது அவருக்கு ஏற்படும் பொறுப்புணர்வு, எந்தக் குழு உறுப்பினர் பதவியாலும் வராது.

கட்டாயமும் இந்தத் துறையில் நன்றாகவே வேலை செய்திருக்கிறது. உலகின் பல நிறுவனங்களுடைய தட்பவெப்ப மாதிரிகளை ஒப்பிடும் பன்னாட்டுத் திட்டங்களில் சேர வேண்டுமானால் தரவு இந்த மரபுகளின்படிதான் இருக்க வேண்டும். அந்த விதியோடு, தரவை அந்த வடிவத்துக்கு மாற்றி எழுதித்தரும் மென்பொருள் நூலகத்தையும் சேர்த்தே கொடுத்தார்கள். மறுபக்கம் கிடைக்கும் பயனும் பெரிது. பங்கேற்ற மாதிரியின் விடைகள் நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் மற்றவற்றோடு ஒப்பிடப்படுகின்றன.

ஒப்பிடப்படுவதும் சேர்க்கப்படுவதும் எவ்வளவு வலுவான ஈர்ப்பு என்பதை 2020இல் இன்னும் தெளிவாகக் காண முடிந்தது. அமெரிக்காவில் கோவிட் தொற்றின் போக்கைக் கணிக்க முயன்ற பல பத்துக் குழுக்கள், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்திலிருந்து ஒருங்கிணைக்கப்பட்ட பொதுத் தொகுப்பு ஒன்றுக்கு வாரந்தோறும் தங்கள் கணிப்புகளை அனுப்பின. மாதிரி எந்த முறையில் எழுதப்பட்டது என்று யாரும் நிபந்தனை விதிக்கவில்லை. விடையை மட்டும் ஒரே வடிவில் கேட்டார்கள்: எந்த மாநிலம், எந்த வாரம், எத்தனை வாரங்களுக்கு முன்னதாகக் கணித்தது, இறப்புக் கணிப்பென்றால் நிகழ்தகவுப் பரவலின் 23 குறித்த புள்ளிகளில் மதிப்பு என்ன. இவ்வளவு சிறிய உடன்பாட்டால் கணிப்புகளை ஒன்றோடொன்று மதிப்பிடவும், அவற்றை ஒன்றுசேர்த்துக் கூட்டுக்கணிப்பு உருவாக்கவும் முடிந்தது. அந்தக் கூட்டுக்கணிப்பு பெரும்பாலான தனிக் குழுக்களின் கணிப்புகளைவிடத் துல்லியமாக இருந்தது. போட்டியாளர்கள் ஒத்துழைக்க மாட்டார்கள் என்ற அச்சம் உங்கள் துறையில் இருந்தால், இதுபோன்ற பொது ஒப்பீட்டை ஏற்பாடு செய்வதைப் பரிசீலியுங்கள். போட்டி மனப்பான்மையை விட்டுவிடுமாறு யாரையும் கேட்கத் தேவையில்லை. நியாயமான போட்டிக்கு ஒரே அளவுகோல் வேண்டும் என்பதை அவர்களே உணர்ந்துகொள்கிறார்கள்.

அங்கீகாரத்தைப் பற்றி மனம் திறந்து பேச வேண்டியிருக்கிறது. தரநிலைக்காக உழைக்கும் இளம் ஆய்வாளர் தன் பதவி உயர்வுக்கு உதவும் கட்டுரைகளை எழுத வேண்டிய நேரத்தைக் கொடுக்கிறார். 2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பாதி, புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் மென்பொருளை உருவாக்கியவர்களுக்குக் கிடைத்தது. அந்த மென்பொருள் பயிற்சி பெற்ற தரவு, மேலே சொன்ன புரதக் கட்டமைப்புத் தரவகத்தில் ஐம்பதாண்டுகளாகப் பொது வடிவில், பொது வரையறைகளோடு, எவரும் எடுத்துக்கொள்ளும்படி சேர்த்து வைக்கப்பட்டது. அகராதியில் ஒவ்வொரு சொல்லையும் வரையறுத்தவர்களின் பெயர்களைத் துறைக்கு வெளியே யாரும் அறியமாட்டார்கள். இதைச் சரிசெய்ய முழுத் தீர்வு என்னிடம் இல்லை. ஆனால் பயன் தரும் வழிகள் உண்டு. உயிரியல் மாதிரித் தரநிலைகளின் வரையறைகள் ஓர் ஆய்விதழின் சிறப்பிதழ்களில் முறையான கட்டுரைகளாக வெளியிடப்படுகின்றன. அதனால் அவற்றுக்கு மேற்கோள் எண்ணிக்கை உண்டு, ஆசிரியர் வரிசை உண்டு. ஒரு கட்டுரையில் யார் என்ன செய்தார் என்பதைக் குறிக்கும் பதினான்கு பங்களிப்பு வகைகள் இன்று பல இதழ்களில் வழக்கத்தில் இருக்கின்றன. மென்பொருளும் தரவுப் பராமரிப்பும் அவற்றில் தனி வகைகள். உங்கள் தரநிலையின் ஒவ்வொரு பதிப்பையும் மேற்கோள் காட்டத்தக்க வெளியீடாக்குங்கள், சோதனை ஒன்றை எழுதித் தந்தவரின் பெயரையும் அதில் சேருங்கள். மூத்த பேராசிரியர்கள் தர வேண்டிய உதவி, கூட்டத்துக்குத் தலைமை தாங்குவதைவிட, பணித்தேர்வுக் குழுவுக்குத் தங்கள் மாணவருக்காக எழுதும் பரிந்துரைக் கடிதத்தில் இந்த உழைப்பை விளக்கி ஒரு பத்தி எழுதுவது.

முடிவெடுக்கும் முறையைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரே ஆய்வகத்தின் கையில் இருக்கும் தரநிலையை, அது எவ்வளவு திறந்ததாக இருந்தாலும், மற்ற ஆய்வகங்கள் அந்த ஆய்வகத்தின் மென்பொருளுடைய வாலாகவே பார்க்கும். எஸ்பிஎம்எல்லின் பதிப்பாசிரியர்களைப் பயனர் சமூகமே குறிப்பிட்ட காலத்துக்குத் தேர்ந்தெடுக்கிறது. அந்த மொழிக்குப் புதிய நீட்சி ஒன்றை முன்மொழிபவர், குறைந்தது இரண்டு மென்பொருள்கள் அதைச் செயல்படுத்திக் காட்டிய பிறகே இறுதி ஏற்பைப் பெற முடியும். இந்த இரண்டாவது விதியை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒருவரே எழுதி ஒருவரே செயல்படுத்தினால் வரையறையில் சொல்லப்படாமல் விடுபட்டவை அவர் மனத்திலேயே தங்கிவிடும். இன்னொருவர் அதைப் படித்து நிரல் எழுதும்போதுதான் ஓட்டைகள் தெரியும். அதைவிட முக்கியமாக, புதுமை விரும்பிகள் அடுத்த குழுவில் ஒரு கூட்டாளியைத் தேடிப் போயாக வேண்டும் என்பதால், ஒத்துழைப்பு விதியிலேயே பொதிந்திருக்கிறது.

ஒரே துறையில் இரண்டு தரநிலைகள் முளைத்துவிட்டால் கவலைப்படுகிறவர்கள் உண்டு. எஸ்பிஎம்எல் உருவான அதே காலத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் செல்எம்எல் உருவானது. முன்னது வினைகளை மையமாகக் கொண்டது, பின்னது சமன்பாடுகளையும் அவற்றை அடுக்கும் கூறுகளையும் மையமாகக் கொண்டது. இதயத் தசையின் மின்னியக்கத்தை எழுதுவோருக்குப் பின்னது இயல்பாகப் பொருந்துகிறது. இரண்டையும் ஒன்றாக்கும் முயற்சியில் காலத்தைச் செலவிடாமல், 2010இல் காம்பைன் என்ற கூட்டமைப்பின் கீழ் இரு தரப்பும் அமர்ந்தன. எந்தச் சோதனையை எந்த நேர அளவுக்கு ஓட்டினோம் என்பதை எழுதும் மொழி, எல்லாக் கோப்புகளையும் ஒரே பொதியாகக் கட்டும் முறை போன்றவற்றைப் பொதுவாக வைத்துக்கொண்டன. அந்தக் கூட்டமைப்பு ஆண்டுதோறும் நடத்தும் இரு சந்திப்புகளில் ஒன்று, உரைகளை ஓரளவோடு நிறுத்திக்கொண்டு, எல்லோரும் மடிக்கணினியோடு அமர்ந்து தங்கள் மென்பொருள்களை ஒன்றோடொன்று பேச வைப்பதற்கென்றே நடக்கிறது. தொலைவிலிருந்து மாதக்கணக்கில் கடிதம் எழுதியும் தீராத வேறுபாடு, இருவர் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அரைமணியில் தீர்ந்துவிடுவதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

உரிமத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தரநிலை ஆவணம், சோதனைகள், மாதிரிகள் ஆகியவற்றை எவரும் கேட்காமலேயே பயன்படுத்த முடிய வேண்டும். பயோமாடல்ஸ் தன் மாதிரிகளை உரிமை எதையும் கோராமல் பொதுப் பயன்பாட்டுக்கே விட்டுவிடுகிறது. படிக்கும், எழுதும் மென்பொருள் நூலகத்துக்கு, வணிக மென்பொருள்களும் இணைத்துக்கொள்ளத் தடையில்லாத உரிமத்தைத் தேர்ந்தெடுங்கள். நிதிக்கு, தரநிலைக்கென்று தனி விண்ணப்பம் எழுதி வெற்றி பெறுவது அரிது. ஒவ்வொரு குழுவும் தன் ஆய்வுத் திட்டத்தின் வரவுசெலவில் ஒரு நிரலாளரின் நேரத்தில் சிறு பங்கை இதற்கென்று ஒதுக்கி எழுதுவது நடைமுறையில் எளிது. புதிய வசதிகளைச் சேர்க்கக் கிடைக்கும் பணத்தைவிட, இருப்பதைப் பழுதுபார்க்கக் கிடைக்கும் பணம் எப்போதும் குறைவு என்பதை நினைவில் வைத்து அந்தப் பங்கைப் பராமரிப்பு என்ற பெயரிலேயே கேளுங்கள்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் அடுத்த ஆறு மாதத்துக்கு இதைச் செய்வேன். துறையில் எல்லோரும் அறிந்த மாதிரிகளில் மூன்றைத் தேர்ந்தெடுப்பேன். ஒன்று மிக எளியது, ஒன்று எல்லோரும் பயன்படுத்துவது, ஒன்று அலகுகளாலோ கனஅளவாலோ நேரக்கணக்காலோ சிக்கல் தரக்கூடியது. ஒவ்வொரு குழுவும் மூன்றையும் தன் மென்பொருளில் எழுதி ஓட்டி, குறித்த நேரப்புள்ளிகளில் வரும் எண்களை எளிய அட்டவணையாக அனுப்பும்படி கேட்பேன். எந்த வடிவத்தில் மாதிரியை எழுத வேண்டும் என்று இந்தக் கட்டத்தில் வாய் திறக்கமாட்டேன். எண்கள் வந்ததும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிரியும் இடங்களைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் காண இரண்டு நாள் ஒரே அறையில் அமர ஏற்பாடு செய்வேன். மென்பொருளை உண்மையில் எழுதுபவர்கள் வர வேண்டும், குழுத்தலைவர்கள் வருவது அவர்கள் விருப்பம். அந்த இரண்டு நாளில் தீர்ந்த ஒவ்வொரு வேறுபாட்டையும் ஒரு சோதனையாகவும், ஏன் இப்படி முடிவு செய்தோம் என்ற இரண்டு மூன்று வாக்கியங்களாகவும் எழுதி, தேதியிட்டு, எல்லோருக்கும் திறந்த இடத்தில் வைப்பேன். காரணத்தை எழுதி வைப்பது முக்கியம். மூன்றாண்டு கழித்து வரும் புதியவர் அதே கேள்வியை மறுபடி எழுப்பும்போது பழைய விவாதத்தை முழுதாக மீண்டும் நடத்தாமல் தப்பிக்கலாம்.

சில குழுக்கள் முதல் அழைப்பை ஏற்காது. அவர்களுடைய மென்பொருள் பொதுவில் கிடைக்குமானால் அதிலும் அந்த மூன்று மாதிரிகளை நீங்களே எழுதி ஓட்டி, அட்டவணையில் ஒரு நெடுவரிசையாகச் சேருங்கள். வெளியிடும் முன் அதை அவர்களுக்கே அனுப்பி, உங்கள் மென்பொருளை நாங்கள் சரியாகத்தான் பயன்படுத்தியிருக்கிறோமா என்று மரியாதையோடு கேளுங்கள். தங்கள் மென்பொருளின் பெயருக்கு நேரே தவறான எண் நிற்பதை விரும்பும் ஆய்வாளர் இல்லை. திருத்தி அனுப்பும் பதிலில் அவர்கள் மாதிரியை எப்படி வாசிக்கிறார்கள் என்ற விளக்கமும் சேர்ந்தே வரும். அந்த விளக்கத்தை அவர்கள் பெயரோடு அடுத்த சோதனையாக எழுதிக்கொண்டு, இரண்டாவது சந்திப்புக்கான தேதியை அதே கடிதத்தில் குறிப்பிட்டு அனுப்புங்கள்.